லூர்து மதினி கூட்டிக்கொள்ளும் ஓர் ஆள்

அன்று காலை பட்டறையில் எங்கள் வீட்டுப் படகின் பின்பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை லூர்து மதினி வந்து பார்த்து, அதற்கு எந்த என்ஜின் சரிவரும் என்று சொல்வதாக ஏற்பாடு. அப்போதுதான் அவர் கடை மெக்கானிக்கின் போன் வந்தது. கடை திறக்கக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதானாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு மதினி வராமல் இருந்ததே இல்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. மீன்பிடித் துறைமுகம் போகும் சாலையில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜின் விற்றவர். நான் ஃபைபர் படகு செய்கிறவன். நான் செய்த படகுக்கு அவர் என்ஜின் கொடுப்பார். இரண்டும் சேருமா என்று இருவரும் சண்டை போடுவோம். ஊருக்கே அவர் மதினி. பங்குச் சாமியார்கூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். என்னைக் 'கொழுந்தனாரே' என்று அழைத்தாரென்றால் அன்றைக்கு வாதத்தில் நான் தோற்றாயிற்று என்று அர்த்தம். பிடிவாதக்காரி. அவர் கடை டீயைக் குடித்தவர்கள் அதை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

படகின் நீளத்தைச் சொன்னால் நானெல்லாம் என்ஜின் அளவைச் சொல்லிவிடுவேன். மதினி அப்படிச் சொல்ல மாட்டார். வீட்டுப் படகு என்றால் அதில் ஏறப்போகிற எல்லாரையும் துறைக்குக் கூட்டிவரச் சொல்வார். குழந்தைகள், சோற்றுச் சட்டி, தண்ணீர் கேன் உட்பட அத்தனையையும் ஏற்றி உட்காரவைத்து, படகு எவ்வளவு அமிழ்கிறது என்று கரையில் நின்று பார்ப்பார். பிறகு ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார். யார் அந்த ஆள் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும் கொழுந்தனாரே? கெளம்புற நேரத்துல ஒருத்தரு கரையில நின்னு நானும் வாரேம்பாவ. வேண்டாம்னு சொல்ல ஒமக்கு வாய் வருமா?"

எனக்கு வராது என்பது அவருக்குத் தெரியும்.

சிறிய என்ஜினைத் தலையில் கட்டுகிறவர் என்று அவரைப் பற்றிச் சிலர் பேசியதுண்டு. அது பொய். எட்டுக் குதிரைச் சக்தி என்ஜின் போதும் என்று வந்த ஒருவரிடம், போவதற்கு அது போதும், கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது பிள்ளைகுட்டியோடு திரும்பி வரப் போதாது என்று விற்க மறுத்துவிட்டார். "வாறதுக்கு என்ஜின் வாங்குங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அந்த மனிதர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். மதினி கவலைப்படவில்லை.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீர் என்ஜின் விவகாரம்தான் முன்னே வந்து நிற்கிறது. எங்கள் கடற்கரையில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் படகுக்கு என்ஜின் சீர் கொடுப்பதுண்டு. மாலை போட்டு, மேளத்தோடு தெருவைச் சுற்றிக் கொண்டுபோவார்கள். மில்லர்புரத்து வியாபாரி ஒருவர் மகளுக்கு அப்படிக் கொடுக்க வந்தார். மாப்பிள்ளை வீட்டு மூத்த மருமகள் இருபத்தைந்து குதிரை கொண்டுவந்திருந்தாள். தன் மகள் கொண்டுபோவது அதற்குக் குறைந்தால் காலத்துக்கும் குத்திக்காட்டுவார்கள் என்று அவருக்குப் பயம். இளையவனான மாப்பிள்ளையின் படகோ சின்னது, நான் செய்தது. பின்பலகை அந்தக் கனத்தைத் தாங்காது என்றேன். பலகையைக் கனமாகப் போடும் என்றார். அட, போமய்யா என்று விட்டுவிட்டேன்.

மதினி மறுத்துப் பேசவில்லை. மாட்டிப் பார்ப்போம், நீங்களும் நானும் ஏறுவோம் என்றார். மனிதர் வெள்ளை வேட்டியோடு ஏறினார். மதினியும் பட்டுச் சேலையோடு பின்னால் உட்கார்ந்தார். மெக்கானிக் முடுக்கினதும் படகின் முன்பக்கம் எழும்பி வானத்தைப் பார்த்தது. மெக்கானிக் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். பின்னாலேயே வந்த அலை பின்பலகைக்கு மேலே ஏறி உள்ளே விழுந்தது. இரண்டு பேரும் இடுப்புவரை நனைந்தார்கள். துறையில் நின்ற நான் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

மதினி சிரிக்கவில்லை. வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, இன்னைக்கு நனஞ்சது நாம. நாளைக்குக் கைப்பிள்ளையோட நனையப் போறது ஒங்க மவ."

வியாபாரி நனைந்த வேட்டியைப் பிழிந்தார். பிறகு, "மதினி, ஊரு என்ன சொல்லும்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்தக் கேள்வியை மதினி அற்பமாக நினைக்கவில்லை. பதினைந்து குதிரை என்ஜினோடு, மாப்பிள்ளை வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட், கூடுதலாக ஒன்று என்று எடுத்துவைத்தார். பழத்தட்டுகளுக்கு நடுவே ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகள் மேளத்தோடு தெருவில் போனதைப் பார்த்து ஊர் சிரித்தது. மாமியார்க்காரி மட்டும் சிரிக்கவில்லை. தன் அளவுக்கு ஒன்று இருப்பதைக் கண்டு, அங்கேயே போட்டுப் பார்த்தாள். இப்போதெல்லாம் ஜாக்கெட் இல்லாமல் வரும் சீரை எங்கள் பெண்கள் ஒருமாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். அந்த மகள் மதினியின் அடக்கத்துக்குப் பிள்ளையோடு வந்து அழுதுகொண்டு நின்றாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்த சனிக்கிழமை எங்கள் படகைத் தண்ணீரில் இறக்கினோம். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பி இருபத்தைந்து என்று ஒற்றைக்காலில் நின்றான். எனக்குப் பத்துப் போதும் என்று எண்ணம். தீர்த்துவைக்கிறவர்தான் இல்லை. வீட்டில் எல்லாரும் சோற்றுச் சட்டியோடு ஏறி உட்கார்ந்தோம். நிமிர்ந்து பார்த்தால், துறையில் மதினியின் கணவர் சேவியர் அண்ணன் நிற்கிறார். கப்பல் ஆபீசில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். தண்ணீரைப் பார்த்தாலே தலைசுற்றும் என்று மதினி கேலிசெய்வார். வள்ளத்தில் கால்வைத்ததே இல்லை.

"ஒங்க படகப் பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தா" என்றார். சற்றுப் பொறுத்து, "நானும் வாரேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. கையைக் கொடுத்தேன். பலகையை இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த பத்துக் குதிரையை மெக்கானிக் மாட்டி ஓட்டினார். திரும்பும்போது எதிர்க்காற்றில் படகு திணறியது. கரைக்கு வந்து பதினைந்தை மாட்டி இன்னொரு சுற்றுப் போனோம். காற்றை மீறிச் சீராக வந்து துறையில் அணைந்தது. பின்பலகைக்கு மேல் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. தம்பியே முதலில் இறங்கிக் கயிற்றைக் கட்டினான்.

"லூர்து இதத்தான் சொல்லியிருப்பாளா?" என்று சேவியர் அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன்.

மதினியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கூடுதல் ஆளின் இடம். அதை விடாமல் இனி எந்த வீட்டுக்கும் படகு செய்வதாக இல்லை. எங்கள் படகில் அது சேவியர் அண்ணனுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்னால் துறைக்கு வந்துவிடுகிறார். கண்ணை மட்டும் இன்னும் திறப்பதில்லை.