மாணவர் விலை

என் மகளின் லேப்டாப்பில் அந்தச் சைபரைப் பார்த்த அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். இயந்திர பாகங்களை வரையும் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தாள். விலை என்ற இடத்தில் சைபர். அதே மென்பொருளுக்கு ஒரு வருஷ வாடகை என்ன என்று என் கணவர் ஒருமுறை விசாரித்துவிட்டு, "பட்டறையையே எழுதிக் குடுக்கணும் போல கீதே" என்று போனை வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"உனக்கு மட்டும் ஏண்டி சும்மா?" என்றேன்.

"நான் ஸ்டூடண்ட்மா."

"அப்போ பாதி பட்டன் வேலை செய்யாதா?"

"எல்லாம் அதேதான். ஸ்டூடண்ட்னா ஃப்ரீ. விடும்மா."

நானாவது விடுவதாவது! ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. ஒரே பொருள், ஒரே கடை. ஒருத்திக்கு ஓசி, இன்னொருத்திக்கு யானை விலை. அப்படி என்னதான் இருக்கிறது இந்த ஸ்டூடண்ட் என்கிற ஆளிடம்?

எனக்கு ஏன் இந்த அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். திருமுடிவாக்கத்தில் என் கணவருக்கு ஒரு சின்னப் பட்டறை. தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, இயந்திரங்களுக்குக் கவர் செய்து கொடுப்பார். டிராயிங் மட்டும் பல்லாவரத்தில் ஒரு சென்டரில் போட்டு வாங்குவார். அங்கே வரைகிறவர் ஊருக்குப் போனால் பட்டறையும் உட்கார்ந்துவிடும். நான் கல்யாணத்துக்கு முன்பே கணக்கில் பி.எஸ்சி. முடித்தவள். அந்த டிராயிங் தாள்களை மேசையில் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். பட்டறைக்கு டிராயிங் போடுகிற ஆள் நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வாய் விட்டும் கேட்டிருக்கிறேன். "உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

மதியம் சமையல் முடிந்ததும் தேட உட்கார்ந்தேன். தோண்டத் தோண்ட ஆச்சரியம். படம் திருத்தும் மென்பொருள், பாட்டு கேட்பது, கடிதம் அடிப்பது, வைரஸ் தடுப்பது, எதை எடுத்தாலும் மாணவருக்கு ஒரு தனி விலை. சில கம்பெனிகள் பாதி விலை. சில முதல் வருஷம் மட்டும் கொஞ்சிவிட்டு அடுத்த வருஷம் சட்டையைப் பிடிக்கும். முகப்பில் எவனும் சொல்ல மாட்டான். பக்கத்தின் அடிமட்டத்துக்கு இறங்கினால் எறும்பு எழுத்தில் 'கல்வி' என்று இருக்கும். அதை அழுத்தினால்தான் வாசல் திறக்கும். ஒருத்தன் கல்லூரி மின்னஞ்சல் கேட்டான், ஒருத்தன் அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். இன்னொருத்தன், 'நீங்கள் மாணவரா?' என்று கேட்டு, ஆமாம் என்று ஒரு டிக் போட்டால் அப்படியே நம்பிவிடுகிறான். பாவம், எப்படித்தான் பிழைக்கிறானோ.

மகளின் கணக்கிலேயே வரைந்து பார்க்கட்டுமா என்றேன். "அதுல அத்தாவோட பட்டறை வேலையப் பண்ணினா என் கணக்கையே தூக்கிடுவான்மா. செமஸ்டர் போயிடும்" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

பம்மலில் நான் ஜெராக்ஸ் எடுக்கும் கடைக்காரரிடம் கேட்டேன்.

"இன்னாக்கா நீ, டிஸ்கவுண்டுக்குப் போயி அலைஞ்சிகினு கீற! நம்மகிட்ட க்ராக் கீது. ஒரு பிரியாணி வாங்கிக் குடு, போட்டுத் தரேன்."

"பிரியாணி வேணா வாங்கித் தரேன். திருட்டு வேணாம். எனக்கு ஒண்ணு சொல்லுங்க, அவங்க ஏன் பசங்களுக்கு மட்டும் சும்மா தர்றாங்க?"

"இப்ப சும்மா குடுத்துக் கையப் பழக்குவான்கா. நாளிக்கு வேலைக்குப் போனா அது இல்லாம கை ஓடாது. அப்ப கம்பெனிகிட்ட கறப்பான்."

தாம்பரம் மார்க்கெட்டில் கேட்காமலே கையில் ஒரு பலாச்சுளையைத் திணிப்பாரே வியாபாரி, அந்த வித்தைதான். புரிந்தபோது சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தச் சுளை எனக்கு வேண்டியிருந்தது. ஸ்டூடண்ட்டுக்குத்தான் தருவான் என்றால் ஸ்டூடண்ட் ஆகிவிட்டால் போயிற்று.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயந்திர வரைபடத்துக்கு மாலை நேர டிப்ளமோ இருந்தது. எங்கள் வீடு இருக்கும் பொழிச்சலூரிலிருந்து பஸ் பிடித்துப் பல்லாவரம் வந்து, ரயிலேறிப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா, "பொண்ணுக்கா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்து நீட்டினார். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய அன்று கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். படத்தில் அத்தனை பல்லும் தெரிகிறது, தெரியட்டுமே.

மென்பொருள் கம்பெனி லேசில் நம்பவில்லை. 'கடைசிப் பெயர்' என்று ஒன்று கேட்டது. எங்களுக்கு ஏது கடைசிப் பெயர்? இருப்பது ஒரு பெயர், முன்னால் ஓர் இனிஷியல். கணவரின் எழுத்தைப் போட்டேன், மறுத்துவிட்டது. கல்லூரி அட்டையில் பழைய சான்றிதழ்ப்படி என் அத்தாவின் எழுத்துதான் இருந்தது. அதைப் போட்டேன், மறுநாள் பச்சை டிக் வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் மகள் குளியலறையிலிருந்து ஓடி வந்தாள்.

ஓசியில் வந்ததுதானே என்று நிபந்தனைகளைத் தாண்டிப் போகிற ஆள் இல்லை நான். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். சாரம் ஒன்றுதான். படிக்கலாம், பழகலாம், காசு வரும் வேலைக்குத் தொடக்கூடாது. அச்சடித்தால் தாளின் நான்கு ஓரத்திலும் 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் தானாகவே விழும். சரி என்று ஒப்புக்கொண்டு பழக ஆரம்பித்தேன். வீட்டில் கிடந்த கவர் ஒன்றை டேப் வைத்து அளந்து வரைந்தேன். தகட்டை வளைத்தால் எவ்வளவு நீளம் தின்னும் என்று அதுவே கணக்குப் போட்டுச் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் இந்தச் சந்தோஷம் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

அந்தக் கவர் டிராயிங்கை அச்சடித்து மேசையில் வைத்திருந்தேன், ஒருநாள் அந்தத் தாளைக் காணோம். சாயங்காலம் கணவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். சென்டர்க்காரர் ஊருக்குப் போய்விட்டாராம். அதே மாதிரிக் கவருக்குத்தான் ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து பெரிய ஆர்டர். அவசரத்துக்கு என் தாளை எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

"அவங்களுக்குப் புடிச்சிப் போச்சு. ஃபைலு கேக்கறாங்க. நாளைக்குள்ள குடுத்தா ஆர்டரு நம்மளுது. எல்லாக் கவருக்கும் இதே மாதிரி போட்டுக் குடுத்துடு."

எனக்கு ஒரு கணம் தலைகால் புரியவில்லை. பிறகுதான் பையிலிருந்து எட்டிப் பார்த்த தாள் கண்ணில் பட்டது. நான்கு ஓரமும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் ஆசையாக அடித்திருந்த என் பெயரும் ஓரத்தோடு போயிருந்தது.

"என் பேரு எங்க?"

"அட, அந்த ஸ்டூடண்ட் எழுத்து தெரியக் கூடாதுன்னு வெட்டினேன். அதுல போயிருக்கும்."

"ஃபைல் தர மாட்டேன்."

"இன்னாது?"

"படிக்கிறதுக்குன்னு சொல்லி வாங்கினது. விக்கிறதுக்குத் தர மாட்டேன். வேலைக்கு வேணும்னா வேலைக்கான விலையைக் குடுத்து வாங்குங்க."

"யாருக்குத் தெரியப் போவுது? உன்னால ஆர்டரு கைய வுட்டுப் போயிடும் போல கீதே!"

நான் வாயைத் திறந்தபோது தலைக்கு மேலே விமானம் இறங்கியது. விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் தெருவில் அப்போது யாரும் பேசுவதில்லை, சண்டை போடுகிறவர்களும்கூட. முறைத்துக்கொண்டே நின்றோம். சத்தம் ஓய்ந்ததும் சொன்னேன். "கறிக்கடையில போயி நின்னா, யாரு அறுத்தது, எப்படி அறுத்தது, ஹலாலான்னு ஆயிரம் கேள்வி கேக்கறீங்க. இதுல மட்டும் யாருக்குத் தெரியும்னா என்ன நியாயம்?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "உனக்குன்னு அவ்ளோ பெரிய செலவா?" என்றார், சத்தமே இல்லாமல்.

அந்த 'உனக்குன்னு' சுருக்கென்று தைத்தது. "எனக்கு இல்லங்க. நான் படிச்சா அவங்க காசே கேக்கல. உங்களுக்கு வேலை செஞ்சாத்தான் கேக்கறாங்க. நான் செய்யறது வேலைன்னு அவங்களுக்குத் தெரியுது" என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மக்ரிப் தொழுகைக்குப் போனவர் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, கிண்டியில் அந்த மென்பொருளை விற்கும் ஆளுக்குப் போன் போட்டார். ஆர்டர் விஷயத்தைச் சொன்னார். இன்றைக்கே வேண்டும் என்றார். ஏதோ கேள்வி வந்திருக்க வேண்டும். "இருங்க, டிராயிங் போடறவங்ககிட்டயே குடுக்கறேன்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

"மேடம், நீங்க ஸ்டூடண்ட்டா?" என்றது அந்தப் பக்கக் குரல். "ஸ்டூடண்ட்னா காசே வேணாம். ஐடி கார்டு மட்டும் அனுப்புங்க."

"சாயங்காலம் ஸ்டூடண்ட்தாங்க. பகல்ல வேலை பாக்கறேன். இது வேலைக்கு."

"அப்போ ஃபுல் ரேட்தான் மேடம்" என்று சொல்லி விலையைச் சொன்னார். முன்பு கேட்டதைவிட ஏறியிருந்தது.

கணவர் என் காதருகே குனிந்து, "கொஞ்சம் கொறைக்கச் சொல்லு" என்றார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். "மாட்டேன்" என்றேன்.