பார்க்காமல் எழுதிய மூன்று வரி

எங்கள் கடைப் பலகையை அழிக்கச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்களும் உண்டு. கேம் டிஸ்க் விற்க வந்த ஏஜெண்ட் ஒருவர், "வியாபாரம் பண்றீங்களா மேடம், இல்ல சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டார். சாட்சிதான் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் படியேறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில், ஒரு மாடியில், எட்டு கம்ப்யூட்டர் போட்டு நானும் என் அண்ணனும் கேம் கடை நடத்தினோம். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம். பொம்பளை போய் கேம் கடையில் உட்காருவதா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். படியேறியதும் எதிர்ச்சுவரில் கருப்புச் சாயம் பூசிய பிளைவுட் பலகை ஒன்று மாட்டியிருந்தேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'சொல்கிறார்கள்' என்று தலைப்பு, வலப்பக்கம் 'பார்த்தேன்'. வரப்போகிற கேமைப் பற்றிப் பத்திரிகையும் விளம்பரமும் பையன்களும் அளந்துவிடுவதெல்லாம் இடப்பக்கம் போகும். கேம் வந்து, நானே உட்கார்ந்து ஆடிய பிறகுதான் வலப்பக்கம் எழுதுவேன். அதுவரை அது காலியாகக் கிடக்கும். அதுதான் சட்டம். சட்டம் போட்டவள் நான்.

இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூற்று மூன்றில் நாங்கள் விழுப்புரத்தில் குடியிருந்தோம். அண்ணன் சென்னைக்குப் போய், டி.வி.யில் மாட்டி ஆடும் வீடியோ கேமும் அதற்கொரு மஞ்சள் கேசட்டும் வாங்கி வந்தான். கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருந்தது. வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான். வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. நான் அப்போது ஒன்பதாவது. கோடை லீவில் நோட்டுப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டோடு சரி. பதிமூன்றாவதாக வந்தது முதலாவதேதான், அதில் ஓடுகிற ஆளின் சட்டை நிறம் மட்டும் வேறு. முன்னூறு வரைக்கும் போய்ப் பார்த்தேன், அதே பன்னிரண்டும் சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தன. ஸ்கெட்ச் பேனாவால் 9999-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 12 என்று எழுதினேன்.

"உன்ன யாரு எண்ணச் சொன்னது?" என்று கேட்ட அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது வேறு விஷயம். அந்தப் பன்னிரண்டும் நல்ல விளையாட்டுகள். பன்னிரண்டு என்றே சொல்லியிருந்தால் தெருவே கொண்டாடியிருக்கும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று சொல்லிவிட்டதால் எல்லோரும் ஏமாந்த முகத்தோடு எழுந்து போனார்கள்.

கடை வைத்த பிறகும் அதே கதைதான். அண்ணன் ஊதுவான், நான் ஊசி வைப்பேன். மாதாமாதம் டிஸ்க்கோடு வரும் கம்ப்யூட்டர் பத்திரிகை விழுப்புரம் ஜங்ஷன் கடைக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடும். அதற்காகவே விக்கிரவாண்டி வழியாக பஸ் பிடித்துப் போய் வாங்கி வருவேன். பையன்கள் என்னைத் திட்டிக்கொண்டேதான் பலகையைப் படிப்பார்கள். "அக்கா வாய வெச்சா எந்த கேமும் வெளங்காது" என்பார்கள். ஆனால் வலப்பக்கத்தில் 'நன்றாக இருக்கிறது' என்று நான் எழுதிவிட்டால் அன்றைக்கு எட்டு மெஷினும் நிரம்பிவிடும்.

அவர்களில் ஒருவன் முகையூர்க்காரன். மயிலம் பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான், அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. இரண்டாம் வருஷத்திலிருந்தே அவன் ஒரே ஒரு கேமுக்காகக் காத்திருந்தான். அந்தக் கேமில் முழுசாக ஒரு நகரம் இருக்குமாம். எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாமாம். மழை பெய்தால் ரோடு நனையுமாம். நேற்று நீ இடித்துவிட்டு வந்த ஆள் இன்றைக்கு உன்னை அடையாளம் கண்டு முறைப்பானாம். வெளியிடும் தேதியை இரண்டு தடவை தள்ளிப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்தில் தேதியை மாற்ற நான் சாக்பீஸை அவனிடம்தான் கொடுப்பேன். "வலப்பக்கம் கை வெக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுப்பேன். அவனும் வைத்ததில்லை.

அவன் கடைசி வருஷப் பரீட்சை முடித்த சமயம், கேம் நிஜமாகவே வரப்போகிறது என்று செய்தி வந்தது. அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சர்ச் திருவிழாவுக்கு பேனர் அடிக்கும் கடையிலேயே சினிமா ரிலீஸ் கணக்காக ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து, படிக்கட்டு வாசலில் கட்டிவிட்டான். 'திண்டிவனத்தில் முதன்முறையாக. ஞாயிறு பூசை முடிந்ததும்.' முதல் நாளுக்கு டோக்கன் வேறு போட்டான். ஒன்றாம் நம்பர் டோக்கன் முகையூர்ப் பையனுக்கு. அதுவரை நான் பொறுத்துக்கொண்டேன். ஃப்ளெக்ஸின் அடியில் கொட்டை எழுத்தில் 'பார்த்தோம், பிரமித்தோம்' என்று போட்டிருந்தது.

"டிஸ்க்கே வரல. எதப் பாத்த நீ?" என்று கேட்டேன்.

"எல்லாம் பாத்தாப்புலதான். நீ ஒன்னும் எழுதாம இரு, அது போதும்" என்றான்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் பலகையின் வார்த்தையை எடுத்து என் வாசலிலேயே பொய்யாகக் கட்டியிருக்கிறான். விடுவிடுவென்று படியேறிப் போய் வலப்பக்கத்தில் எழுதினேன். 'பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. மழையில் ரோடு நனையவில்லை. மொத்தத்தில் சப்பை.' மூன்று வரி. அதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் பத்திரிகை டிஸ்க்கில் வந்த இரண்டு நிமிஷ விளம்பரம்தான்.

மறுநாள் அந்தப் பையன் வந்தான். பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.

"டிஸ்க்கு வந்துடுச்சாக்கா?"

"பத்திரிகை டிஸ்க்குல வந்துச்சு" என்றேன். முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அது இன்னும் கேவலமான பொய்.

"எனக்கு மஸ்கட்ல வேல கெடச்சிருக்குக்கா. ரெண்டு பேட்ச்சா கூப்புடறாங்க. இந்த கேமுக்காவ பத்து நாள் கழிச்சு ரெண்டாவது பேட்ச்சுல போலாம்னு இருந்தேன். வூட்ல வேற காரணம் சொல்லிக்கினு இருக்கேன். நெஜமாவே பாத்தீங்களா நீங்க?"

"போர்டுல இன்னா எழுதியிருக்கு?"

"அப்ப சரிங்கக்கா" என்று டோக்கனை மேஜைமேல் வைத்தான். "மொத பேட்ச்சுலயே போயிடறேன். ஞாயித்துக்கெழம கெளம்பணும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மூன்று வருஷக் காத்திருப்பை என் கோபத்துக்காக மூன்று வரியில் முடித்துவிட்டேன். அவன் படியிறங்கிப் போகும்வரை கணக்கு நோட்டைப் புரட்டுவது மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை டிஸ்க் வந்தது. சனிக்கிழமை காலையில் கடையைச் சாத்திவிட்டு நான் மட்டும் உட்கார்ந்து ஆடினேன். மழை பெய்தது. ரோடு நனைந்தது. கடை விளக்குகள் ஈரத்தில் தெரிந்தன, கார் போனதும் கலைந்தன. கதவு கதவாகத் தட்டினேன். எல்லாம் திறக்கவில்லை, ஆனால் நான் எழுதிய மாதிரி பாதியும் பூட்டிக் கிடக்கவில்லை. ஒருவனை இடித்துவிட்டு நான்கு தெரு சுற்றி வந்தேன், அவன் அங்கேயே நின்று முறைத்தான். அவ்வளவு சந்தோஷமான ஒரு பொருளுக்கு முன்னால் உட்கார்ந்து அப்படி வெட்கப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கு வாயெல்லாம் பல். "அவ்ளோதான? ஒரு துணி எடுத்து அழிச்சிடு."

"அழிக்க மாட்டேன்."

"பொய் எழுதனேன்னு நீயே எழுதி மாட்டிக்குவியா? நாளைக்கு எவன் நம்புவான் இந்த போர்டை?"

"அழிச்சிட்டா மட்டும் நம்பணுமா?" என்று சாக்பீஸை எடுத்தேன். அதே அளவு எழுத்தில், மூன்று வரிக்கும் கீழே எழுதினேன். 'மேலே உள்ளதைப் பார்க்காமல் எழுதினேன். ரோடு நனைகிறது.' அதோடு விடவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃப்ளெக்ஸின் அடியில் இருந்த 'பார்த்தோம், பிரமித்தோம்' பட்டையை பிளேடால் அறுத்துக் கையோடு கொண்டுவந்தேன். என் பொய் தெரிய வேண்டும் என்றால் அவன் பொய் மட்டும் தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

பிறகு அந்தப் பையனுக்கு போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "பாக்காம எழுதிட்டேன்பா. நீ கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். கேம் நல்லா இருக்கு. நாளைக்கு திண்டிவனத்துல எறங்கி ஆடிட்டுப் போ."

"முடியாதுங்கக்கா. அப்பாவும் கூட வர்றாரு. மெட்ராஸுக்கு நேர் பஸ்ஸு" என்றான். வைத்துவிடப்போகிறான் என்று நினைத்தேன். "ரோடு நனையுதா?" என்று கேட்டான்.

"நனையுது."

வைத்துவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் டோக்கனோடு படிக்கட்டு முழுக்கக் கூட்டம். எல்லோரும் பலகையைப் படித்தார்கள். "அக்காவே டுபாக்கூரா?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். "ஆமா, மொத மூணு வரி டுபாக்கூர்தான். கீழ இருக்கறதையும் படி" என்றேன். சிரிப்பு நின்றதோ இல்லையோ, நான் தலையைக் குனியவில்லை. எட்டாவது மெஷின்மேல் காலையிலேயே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அதில் யாரையும் உட்கார விடவில்லை.

பதினொன்றரை இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் படியேறி வந்தான். பின்னால் வெள்ளை வேட்டியில் அவன் அப்பா. அண்ணன் குறுக்கே வந்து, "ஒன்னாம் நம்பரு வேற ஆளுக்குப் போயிடுச்சேப்பா" என்றான். "எட்டாவது மெஷினுக்கு டோக்கன் கெடையாது" என்று துண்டை எடுத்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. கிளம்பட்டும்.

"இருவது நிமிஷம் இருக்குதுக்கா. அடுத்த பஸ்ஸு புடிக்கணும்" என்று உட்கார்ந்தான். அப்பா பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். திரையில் மழை வந்தது. பையன் காரை நிறுத்திவிட்டு, எங்கும் போகாமல், நனைகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஊர் மழங்க இது?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"கம்ப்யூட்டர் மழைங்க."

"நல்லாத்தான் பேயுது" என்றார்.

நேரம் ஆனதும் அவரே, "ஜல்தி வாப்பா, பஸ் போயிடும்" என்று எழுந்தார். பையன் மனசில்லாமல் எழுந்தான். என்னைப் பார்த்தான். "என் பத்து நாளு போச்சுக்கா" என்றான். கோபமாகத்தான் சொன்னான், கோபப்பட அவனுக்கு உரிமை இருந்தது. நான் சாக்பீஸை நீட்டினேன்.

"வலப்பக்கமா?"

"நீதான பாத்த" என்றேன்.

என் எழுத்துக்குக் கீழே எழுதினான். 'பார்த்தேன். நேரம் பத்தவில்லை.' சாக்பீஸை என் கையில் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு இறங்கிப் போனான்.

சாயங்காலம் அண்ணன் ஈரத்துணியோடு பலகைப் பக்கம் வந்தான். "கை வெச்சுப் பாரு" என்றேன். துணியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ கேம் வந்தது, எழுதினேன், அழித்தேன். அந்த வரிகளை மட்டும் கடையை மூடுகிற நாள் வரைக்கும் ஒருவரையும் தொட விடவில்லை. இடம் போதாதபோது ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டேன்.