பூட்டியிருக்கும் வீடு எது என்று சொன்னேன்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். என்னைப் போன்றவள் பத்திரிகைக்கு எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள்.

போன தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, மதுரை விளாங்குடியில் எங்கள் தெருவில் நடந்தது இது. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். மகால் பக்கம் குடியிருந்தவரை தெரு முழுக்க எங்கள் பாஷை கேட்கும். இங்கே வந்த பிறகு அது வீட்டுக்குள் மட்டும்தான். அன்று மத்தியானம், கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் கேட் முன்னால் நின்று, தேர்தல் சர்வே என்றார். வீட்டுக்காரர் இல்லை என்று அனுப்பப் பார்த்தேன். உள்ளே இருந்த மகளிடம் நான் ஏதோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று எங்கள் பாஷையிலேயே பேசத் தொடங்கினார்.

அவ்வளவுதான். கேட்டைத் திறந்து, நாற்காலி போட்டு, காபியும் கொடுத்தேன்.

என்னிடம் அதுவரை யாரும் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார், செல்போனில் குறித்துக்கொண்டார். எங்கள் தெருவில் எந்த வீடு எந்தக் கட்சிப் பக்கம், போன தடவை யார் ஓட்டுப் போடப் போகவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். எதிர் வீட்டு அக்காவையும் அவர் வீட்டுக்காரரான அண்ணனையும் பற்றிச் சொன்னேன். "அவங்க அந்தக் கட்சிதான். ஆனா இந்தத் தடவை ரெண்டு ஓட்டும் விழாது. அக்காவோட தம்பி மகளுக்குக் கல்யாணம், கொட்டாம்பட்டிக்குப் போயிட்டாங்க. எலக்‌ஷன் முடிஞ்சுதான் வருவாங்க." அவர் அந்த வீட்டின் கதவு எண்ணை மட்டும் இரண்டு தடவை கேட்டார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது பெருமையாக இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"பூட்டின வீட்டையுமா சொன்ன? அந்த ரெண்டு ஓட்டையும் வேற எவனாவது போட்டுட்டுப் போயிருவான். உன்ன மாதிரி தெருவுக்கு ஒரு ஆள் இருந்தாப் போதும், பூத்துக்கு ஒருத்தரும் போக வேணாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கட்சி, எந்த ஆபீஸ் என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் முதலில் என்னைத்தானே பிடிப்பார்கள்?

விடிந்ததும் எதிர் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். "வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போங்கக்கா" என்றேன்.

"ஏண்டி, கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. இம்புட்டு தூரம் வந்து ரெண்டு ஓட்டப் போட்டு என்ன ஆகப் போகுது?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஓட்டுப் போடலன்னா லிஸ்ட்ல பேரை எடுத்துருவாங்களாம்க்கா" என்று பொய் சொன்னேன்.

"ரேசன் கார்டுக்கும் எதுவும் ஆயிருமோ?" என்றார்.

"தெரியலக்கா."

"இரு, உங்க அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

அவர்கள் வரும்வரை நானும் ஓட்டுப் போடாமல் பூத் இருந்த பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நின்றேன். தெரியாத முகம் யார் உள்ளே போனாலும் அந்த ஓட்டைப் போடத்தான் போகிறானோ என்று பார்த்தேன். ஒரு முறை போலீஸ்காரரிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். "என்னம்மா?" என்று அவர் கேட்டதும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கல்யாண வேலையை ஒருவழியாக விட்டுவிட்டு, நான்கு மணிக்கு மேல்தான் இருவரும் வேர்த்துப்போய் வந்தார்கள். பெண்கள் வரிசையில் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா பெயரைப் படித்தார்கள், மை வைத்தார்கள். எனக்குப் பாதி உயிர் வந்தது. அடுத்து, ஆண்கள் வரிசையில் நின்ற அண்ணன் பெயர். சீட்டை வாங்கிய அதிகாரி பட்டியலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"உங்க ஓட்டு காலையிலயே பதிவாயிருச்சே."

"எப்படிய்யா? இப்பத்தான் பஸ்ஸ விட்டு இறங்கி வாரேன். வெரலப் பாருங்க" என்று அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

உள்ளே ஒரே சத்தம். போலீஸ்காரர் வந்தார். "ஊர்ல இல்லாதது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அண்ணன், "தெருக்காரவுங்களுக்குத்தான் தெரியும்" என்றார். என் முறை வந்தபோது எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்பதுகூட இன்று நினைவில்லை.

கடைசியில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, தனியாக ஒரு தாளைக் கொடுத்து முத்திரை குத்தச் சொல்லி, உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டார்கள். இதை எண்ணுவீர்களா என்று அண்ணன் கேட்டார். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அண்ணன் வெளியே வந்தார்.

வரும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை நீ போன் போட்ட. இல்லாட்டி என் ஓட்டும்ல போயிருக்கும்" என்றார்.

அந்தச் சர்வேக்காரர்தான் காரணமா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் பயம் குறையவில்லை. எங்கள் பாஷையில் பேசினார் என்பதற்காக, என்னுடையது அல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இன்றும் யாராவது அடுத்த வீட்டைப் பற்றிச் சாதாரணமாக விசாரித்தால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை, அக்கா வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணனோடு மறுபடியும் கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏறினார்.