பாறையில் நடந்த வகுப்பு

என் ஒன்பதாம் வகுப்பு, எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பாறையின் மேல் நடந்தது. நடந்தது என்று சொல்வதே பொய்தான்.

கொரோனா வந்து விடுதியை மூடி எங்களை மலைக்குத் திருப்பி அனுப்பிய பிறகு, பாடமெல்லாம் இனி செல்போனில்தான் என்றார்கள். மாமா தன் போனை எனக்குக் கொடுத்துவிட்டார். முதல் சில நாள் பாறைமேல் டீச்சரின் குரல் விட்டு விட்டு வந்தது. பிறகு ஒரு மழை பெய்தது. அன்றைக்குப் போன டவர் போனதுதான். திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். காட்டுக்குள் மேலே ஏறினால் டவர் கிடைக்கும், ஆனால் அங்கே கரடி நடமாட்டம். என்னைத் தனியாக விடமாட்டார்கள்.

இதை வீட்டில் சொல்லியிருக்கலாம். அதற்குள் நான் மகாராணி ஆகியிருந்தேன். சாமைக் கொல்லையில் களை எடுக்க என்னை யாரும் கூப்பிடுவதில்லை. என் பங்கையும் சேர்த்துத் தங்கைதான் எடுத்தாள். அவளுக்கும் பாடம் இருந்தது, போன்தான் இல்லை.

ஆகவே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுற்றும் வட்டத்தைப் பார்த்து ‘எஸ் மிஸ்’ என்பேன். சில நாள் சந்தேகம்கூடக் கேட்பேன். கொல்லையிலிருந்து தங்கை நிமிர்ந்து பார்த்தால் என் குரல் தானாகவே உயரும். இன்றைக்கு நினைத்தாலும் கூசிப்போகிறது.

ஆடிக் கடைசியில் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. அவர் மகனுக்கு நான் முறைப்பெண். அப்பா காபித் தோட்ட வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால், வீட்டில் பதில் சொல்ல அம்மா மட்டும்தான். விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்த பெண்ணுக்கு முந்தின வாரம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. அத்தை சுற்றி வளைக்கவில்லை.

“பள்ளிக்கூடமே மூடிக் கெடக்குது. இனிமே எப்பத் தொறந்து, இவ எப்பப் படிக்கிறது? ஆவணியில கல்யாணத்த முடிச்சிடலாம்.”

“படிச்சிக்கினுதான் கீறா அண்ணி,” என்றாள் அம்மா. “தோ பாருங்க, கிளாசுல குந்திக்கினு கீறா. இப்பக் கூப்டக்கூடாது, டீச்சர் திட்டுவாங்க.”

அத்தை என்னையே பார்த்தார். வேறு வழி தெரியாமல், போன வருஷம் படித்த ஒளிச்சேர்க்கையை அந்தச் செத்த போனுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கஞ்சியைக் குடித்து முடித்து, “சரி, படிக்கிற பொண்ண நான் இன்னா சொல்றது” என்று எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கி ஓடிவந்து அம்மாவிடம், “இங்க டவரே இல்லம்மா. மழ பெஞ்சதுலேர்ந்தே இல்ல” என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“தெரியும்,” என்றாள் அம்மா. “நாளைக்கும் அங்கயே போய்க் குந்து. இன்னும் கொஞ்சம் சத்தமா பேசு. கடேசி வூடு வரிக்கும் கேக்கணும்.”

என் பொய்யை ஊர் முன்னால் குத்திக்காட்டத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று அப்போது நினைத்தேன். தினமும் அவமானத்தோடு பாறை ஏறினேன். பள்ளி திறந்து விடுதிக்குப் போகப் பஸ் ஏறிய அன்றுகூட, வழியனுப்ப வந்த அம்மாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.