சம்மட்டிக்கு வந்த சின்னக் கார்

ஆர்லோ பிக்கெட்டுக்கு வாயைவிடக் கை முந்திக்கொள்ளும். எங்கள் ஃபிளின்ட் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. கென்டக்கி மலைப்பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து கார் தொழிற்சாலையில் சேர்ந்தவன், முதல் சம்பளம் வாங்கிய அன்றே, தன்னைக் காட்டான் என்று கேலி செய்த ஒருத்தனின் முன்பல்லைப் பெயர்த்தான். தன் கல்யாணத்திலேயே பெண்ணின் சித்தப்பாவைக் கேக் மேசையோடு சேர்த்துத் தள்ளினான். ஜெனீவா அப்படியும் அவனோடு குடும்பம் நடத்தி மூன்று பையன்களையும் ஒரு பெண்ணையும் பெற்றாள் என்றால், அது பொறுமையா, போக்கிடம் இல்லாமையா என்று எனக்குத் தெரியாது.

தொழிற்சாலையில் அவன் வேலை, குடும்பத்தோடு போகிற நீள வண்டிகளுக்குப் பின்கதவு மாட்டுவது. மூன்று வரிசை இருக்கை, பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி ஒட்டு, நிறுத்த ஒன்றரை வண்டி இடம். அதில் ஒன்றை அவனும் வாங்கி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் போகும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஊரே அவனுடையது என்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. பங்க் வாசலில் தெரு முனை வரை வரிசை. ஒருநாள் பின்னால் நின்ற சின்ன ஜப்பான் காரிலிருந்து ஒருத்தன் தலையை நீட்டி, "யோவ், உன்ன மாதிரி ஆளுங்க யானையக் கட்டி மேய்க்கறதாலதான் நாங்க இங்க காயறோம்!" என்று கத்தினான். ஆர்லோ இறங்கிப் போய் அவனை ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தான். தாடை உடைந்தது. ஆர்லோ ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்தான். ஆனால் தாடை உடைந்தவன் சொன்னதைத்தான் நாடே சொல்ல ஆரம்பித்திருந்தது. நீள வண்டிகளைச் சீந்த ஆளில்லை. ஆர்லோவின் பிரிவை மூடிவிட்டார்கள். எத்தனையோ வருஷம் மாட்டிய கதவுகள் போதும் என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பையன்கள் மூன்று பேரும் வேலை தேடி டெக்சாஸ் போனார்கள். வீட்டில் மிஞ்சியவள் ரோண்டா ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் மூச்சு விடவே முடியாது என்று ஆர்லோவுக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லத்தான் தெரியாது.

அந்த ரோண்டாதான், நர்ஸ் படிப்புக்குத் தினமும் ஐம்பது மைல் போய்வர வேண்டும் என்று, ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க சோத்துல மண்ணப் போட்டவனுக்கே காசக் கொட்டிட்டு வந்திருக்கியா?" சாப்பாட்டுத் தட்டு சுவரில் பட்டு உடைந்தது. உருளைக்கிழங்கு மசியல் சுவரில் வழிந்தது.

"உங்க வண்டி ஒரு கேலனுக்குப் பதினோரு மைல் போகும். இது முப்பத்தஞ்சு போகுதுப்பா."

"அந்தத் தகர டப்பால எட்டுப் பேர் உக்கார முடியுமாடி?"

"எட்டுப் பேரு எங்கப்பா இருக்காங்க? நீங்களும் அம்மாவும் ஆறு காலி சீட்டத்தான் ஊர் பூரா சுமந்துக்கிட்டு அலையறீங்க!"

ஆர்லோ அறைந்தான். ரோண்டாவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. அப்பன் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது.

"நல்லாக் கேட்டுக்கங்க. இந்தக் கார் இருக்கறதாலதான் நான் இந்த வீட்டுல இருக்கேன். இல்லேன்னா காலேஜ் பக்கத்துலயே ஒரு ரூமப் பாத்துட்டு என்னைக்கோ போயிருப்பேன்."

கார் மட்டும் தன் வாசலுக்கு வரக் கூடாது என்றான். அவள் அடுத்த தெருவில் நிறுத்திக்கொண்டாள். அவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தபோது, வெள்ளை ஷூ ஒரு ஜோடி வாங்கி, ஒன்றும் சொல்லாமல் அவள் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனான். மன்னிப்பு கேட்பது என்றால் அவனுக்கு அவ்வளவுதான் வரும்.

செப்டம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் தின பிக்னிக் வந்தது. அந்த வருஷம் யூனியன் மைதானத்தில் சம்மட்டி அடி வைத்திருந்தார்கள். ஒரு ஜப்பான் காரை நடுவில் நிறுத்துவது, டாலருக்கு ஓர் அடி, வசூல் முழுக்க வேலை போனவர்கள் வீட்டு மளிகைக்கு. பழைய கார் வியாபாரி ஒருத்தர் ஒரு காரைத் தானமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். எதிரே தேவாலயத்து முற்றத்தில் விட்டுவிடுவதாக ஏற்பாடு. யூனியன்காரன் டூலி போய்ப் பார்த்தான். ஜப்பான் கார் ஒன்று நின்றது. அதுதான் என்று முடிவு செய்தான். ஒரே முற்றத்துக்கு இரண்டு ஜப்பான் கார் வரும் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றாது. பத்துப் பேர் தம் பிடித்து அதைத் தூக்கிக்கொண்டே மைதானத்துக்கு வந்தார்கள். "பஞ்சு மாதிரி இருக்குடா! இதுவும் ஒரு காரா?" என்று சிரிப்பு வேறு. வந்ததும் வெள்ளைப் பெயின்டை எடுத்துக் கெட்ட வார்த்தையாக எழுதித் தள்ளினார்கள்.

முதல் அடி ஆர்லோவுக்கு என்று ஏகமனதாகத் தீர்மானம். "அண்ணே, எல்லாருக்கும் சேத்து ஒண்ணு போடுங்க!" என்று டூலி சம்மட்டியைக் கொடுத்தான்.

ஆர்லோ போட்டான். கூரை மடிந்து உள்ளே இறங்கியது. அடுத்து முன்கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. கூட்டம் ஊளையிட்டது. மூடப்பட்ட பிரிவு, போன பையன்கள், கையில் கொடுத்த சீட்டு எல்லாம் அந்த மரப்பிடி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது முன் சீட்டில், கண்ணாடித் தூளுக்கு நடுவே, வெள்ளை ஷூ ஜோடியைப் பார்த்தான்.

கை அந்தரத்தில் நின்றது.

"என்னண்ணே, அதுக்குள்ள மூச்சு வாங்குதா? வயசாயிடுச்சோ?" என்றான் டூலி. கூட்டம் சிரித்தது. அத்தனையும் கூட வேலை செய்தவர்களின் முகங்கள். இது என் பெண்ணின் கார் என்று சொன்னால் போதும். ஆர்லோ பிக்கெட் வீட்டில் ஜப்பான் கார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

ஆர்லோ அடித்தான். கதவை அடித்தான், விளக்கை அடித்தான், என்ஜின் மூடி இரண்டாகப் பிளக்கிற வரை அடித்தான். தகரம் கிழித்து முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவனுக்கு அழுகை வந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டார்கள்.

நிமிர்ந்தபோது, அடிக்கக் காத்திருந்தவர்கள் வரிசையில் ரோண்டா நின்றாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேரே வந்து, மைதானத்தில் அந்தக் காரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் தேவாலயத்தில் விட்டிருந்தாள். பிக்னிக்குக்கு வந்திருந்த அம்மாவிடம் பேசிவிட்டுத் திரும்பியவள், அவன் கை அந்தரத்தில் நின்றதையும் அதற்குப் பிறகு விழுந்த அடிகள் அத்தனையையும் பார்த்திருக்கிறாள். டூலியின் டப்பாவில் ஒரு டாலரைப் போட்டாள். அப்பன் கையிலிருந்து சம்மட்டியை வாங்கினாள்.

"தள்ளி நில்லுங்கப்பா. கண்ணாடி தெறிக்கும்."

மிஞ்சியிருந்த பின்கண்ணாடியை ஒரே அடியில் நொறுக்கினாள். "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கா!" என்று யாரோ கத்த, மைதானமே கை தட்டியது. ரோண்டா ஷூவை எடுத்து, தூளை உதறி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். ஆர்லோ பின்னால் ஓடினான்.

"நீ ஏம்மா சொல்லல? இது என்னோடதுன்னு ஒரு வார்த்த?"

"சொல்லியிருந்தா உங்களப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. சிரிச்சவன நீங்க கொன்னிருப்பீங்க. கையில சம்மட்டி வேற இருந்துது." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேம்ப்பா."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அவன் மைதானத்துக்குத் திரும்பியபோது, இழுவை லாரி ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு ஜப்பான் கார் தொங்கியது. வியாபாரி இறங்கி, லேட்டாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். டூலி அந்தக் காரைப் பார்த்தான், நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்தான்.

"அப்ப இது யாரோடதுடா?"

"என் பொண்ணோடது," என்றான் ஆர்லோ. யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. பஸ் போன ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தொண்டை கிழிய, இன்னொரு தடவை சொன்னான்.