அப்பாவின் வழக்கில் நான் வாதாடியது

ஒன்பது வயதில் நான் என் அப்பாவின் வழக்கைத் தோற்கடித்தேன். எதிர்த்தரப்பில் இருந்தல்ல, அவருடைய ஒரே வக்கீலாக நின்று. இதை இத்தனை காலம் வெளியே சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான்; அடக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அப்போது எம்மன்புரூக்கே என்ற, ஜேர்மன் பேசும் ஊரில் இருந்தோம். எங்கள் முதல் கார் பல கை மாறி வந்தது. வந்த சில மாதங்களில் மஞ்சள் விளக்கை எரியவிட்டுக்கொண்டு, காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. கராஜ்காரர் கணினியை மாட்டிப் பார்த்து, இயந்திரத் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சர் பழுதென்று புதியது போட்டார். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. இன்னொன்று போட்டார். அதற்கும் எரிந்தது. அடுத்த முறை போனபோது, நீங்கள்தான் உள்ளே எதையோ நோண்டியிருக்கிறீர்கள், உங்கள் ஆட்களின் கார்களே இப்படித்தான் என்றாராம். எங்கள் வீட்டில் ஒருவரும் இயந்திரத்தில் கை வைத்ததில்லை என்று சொல்லிவிட்டு வந்த அப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சித்தப்பா மின்சாரம் அளக்கும் மீற்றரோடு வந்தார். தொழிற்சாலையில் மின்சாரப் பழுது பார்ப்பவர். கராஜில் கழற்றித் தந்த முதல் சென்சரை அம்மாவின் தேநீர்க் கேத்தலில் இருந்த வெந்நீரில் பிடித்து அளந்தார். அது சூட்டைச் சரியாகவே சொன்னது. பிறகு காரில் சென்சருக்குப் போகும் இரண்டு வயர்களையும் பார்த்தார். ஒன்றில் ஐந்து வோல்ற் ஒழுங்காக வந்தது. மற்றதை வளைத்தபோதெல்லாம் மீற்றரில் எண் வந்து வந்து மறைந்தது. சுற்றியிருந்த ஒட்டுநாடாவை உரித்தால் செம்பு பச்சை பூத்து உதிர்ந்தது.

“வயர்தான் செத்துப் போச்சு அண்ணை. பத்து நிமிசம் தாங்கோ, மாத்திவிடுறன்.”

“தொடாதை. அது சாட்சி.”

அப்பா பணத்தைத் திருப்பிக் கேட்கப்போகவில்லை. பிழை உங்களில் இல்லை என்று அந்த மனிதன் வாயால் ஒரு வசனம் வரவேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை என்னையும் காரில் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவின் ஜேர்மன் இதற்குக் காணாது என்று நானே முடிவுசெய்து, அவர் வாய் திறக்குமுன் தொடங்கினேன். வயரைப் பார்க்காமலே இரண்டு சென்சர் மாற்றுவது திருத்த வேலையா என்று கேட்டேன். கராஜ்காரர் இயந்திரத்தின் மேல் குனிந்தார். வயரின் மேல் காய்ந்து கிடந்த பழுப்புப் படிவை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். இங்கே என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார், அப்பாவிடமல்ல, என்னிடம்.

கேள்வி கேட்டால் முழு விடை சொல்லவேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் பழக்கியது. சொன்னேன். கார் வாங்கியவுடன் திரிம்பாக் ஊரில் இருக்கும் தமிழ்க் கோயிலுக்குக் கொண்டுபோனது, சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய் வைத்தது, ஐயர் தேங்காய் உடைத்தது. கடவுளின் அருள் காரின் வெளிப் பெயின்ரோடு நின்றுவிடக்கூடாதென்று அப்பா முன்மூடி பொனற்றைத் திறந்து, அந்தத் தேங்காய்த் தண்ணீரைத் தன் கையாலேயே இயந்திரத்தின் மேல் ஊற்றியது. ஊற்றுவதுபோல் கையால் நடித்தும் காட்டினேன்.

கராஜ்காரர் இன்னும் இருவரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். இந்த முறை இன்னும் நன்றாகச் சொன்னேன். மூவரும் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

இன்றைக்கும் வயிறு எரிகிறது. வயரைக் கெடுத்தது எங்கள் தேங்காய்தான், மறுக்கவில்லை. நல்ல சென்சர்களை ஒன்றுக்கு இரண்டாகக் கழற்றியது எந்தத் தேங்காய்? ஒரு மீற்றரை வைத்துப் பார்க்க அவர்களுக்கு என்ன கேடு? அந்தக் கேள்வியை அவர்கள் சிரித்தே கரைத்துவிட்டார்கள். சிரிப்பைக் கொடுத்தவன் நான். போதாததற்கு என் தலையைத் தடவி இனிப்பும் தந்தார்கள், தின்றேன்.

அன்று மாலை சித்தப்பா வயரை மாற்றினார், பத்தே நிமிடத்தில். அப்பா என்னை ஏசவில்லை. களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம், அந்த வயதில் மொழிபெயர்ப்பாளனாக நான் சரியாக நடந்துகொள்ளவில்லை என்று அப்பாவிடம் ஒருவழியாக மன்னிப்புக் கேட்டேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உன்னைக் கதைக்கவோ கூட்டிக்கொண்டு போனனான்? பிள்ளை பக்கத்தில நிண்டால் அவன் மரியாதையாய்க் கதைப்பான் எண்டுதான். கதைக்கிற அளவுக்கு ஜேர்மன் எனக்குத் தெரியும்.”