இன்னொருவர் கை படாத கூரை

எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை போட்ட மாதத்தில்தான் என் மகள் பிறந்தாள். அதுவரை, மலாய் நாட்டில் காஜா பெராங்கில் எங்கள் வரிசையில் இருந்த மற்ற வீடுகளைப் போல எங்களுக்கும் அத்தாப்பு ஓலைதான். மழைக்காலத்தில் ஒழுகும், வெயில் காலத்தில் பூரான் விழும். என் கணவர் அரசாங்க ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. பிள்ளை பிறப்பதற்குள் கூரையை மாற்றிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன சமயத்தில் வேலை நடந்தது. பகலெல்லாம் அவர் ஆபீசில் இருந்ததால், தகடு ஏறியதை அவரும் பார்க்கவில்லை. குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது கூரை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

அன்றைக்கே என்னை உட்காரவைத்து இரண்டு காகிதங்களை எடுத்துக் காட்டினார்.

"இது கம்பெனி கொடுத்தது. பதினஞ்சு வருஷத்துக்குத் தகடு துரு பிடிக்காது, ஓட்டை விழாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கான். இது கூரை போட்டவரு கொடுத்தது. வேலையில குத்தம் இருந்தா அவரே வந்து சரி பண்ணணும். தகடு கெட்டா கம்பெனி, வேலை கெட்டா அவரு. புரியுதா?"

"ரெண்டும் கெட்டுப்போனா?"

"கெடாது. அதுக்குத்தானே சான்று வாங்கின ஆளாத் தேடிப் பிடிச்சேன்."

கூரை போட்டவர் தெங்கேராவில் கடை வைத்திருந்த ஒரு சீனர். தகடு விற்ற கம்பெனி அவருடைய வேலையைப் பார்த்துச் சான்று கொடுத்திருந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தாராம். கம்பெனிக் காகிதத்தில் ஒரு வரியின் அடியில் என் கணவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். சான்று இல்லாத ஆள் கூரையில் கை வைத்தால் உத்தரவாதம் செல்லாது. அந்த வரியை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் கூரைக்குக் காகிதம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மகளுக்கு ஒன்றரை வயது ஆனபோது ஜப்பான்காரன் வந்தான். ஊரில் குண்டு விழுந்த அன்று நாங்கள் மூவரும் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் படுத்துக் கிடந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது வீடு நின்றுகொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டு உள்ளே போனோம். கூரையை அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த பெருமழையில் ஒழுக ஆரம்பித்தது. முதலில் படுக்கையறை மூலையில் சொட்டியது. பிறகு தண்ணீர் உத்தரத்தோடு ஓடி, இங்கே ஒரு சொட்டு அங்கே ஒரு சொட்டு என்று வீடு முழுக்க இறங்கியது. பாயை எந்தப் பக்கம் இழுத்துப் போட்டாலும் விடிவதற்குள் நனைந்துவிடும்.

என் கணவர் காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி ஏஜெண்டைத் தேடிப் போனார். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. வாசலில் ஜப்பான் எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. மறுநாள் இருவருமாகத் தெங்கேராவுக்கு நடந்தோம். குழந்தை என் இடுப்பில் இருந்தாள்.

கடை திறந்திருந்தது. உள்ளே அவருடைய மனைவி மட்டும் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மெலிந்த உடம்பு, ஆண்பிள்ளைக் கை மாதிரி காய்த்துப்போன கை. நாங்கள் மலாயில் பேசிக்கொண்டோம்.

"சீன ஆம்பளைங்க எல்லாரும் வந்து நிக்கணும்னு ஜப்பான்காரன் சொன்னான். போனாரு. லாரியில ஏத்தினதைப் பார்த்தவங்க இருக்காங்க. அதுக்கப்புறம் யாரும் பார்க்கல" என்றார். அழவில்லை. என் கணவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஒழுகுதா? நான் வந்து பார்க்கிறேன்" என்றார்.

"நீங்களா?"

"நான்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவரைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவர் முன்னால் நான் சிரித்தேன். "பொம்பளை எப்படிங்க கூரை மேல ஏறுவா?" என்று தமிழில் என் கணவரிடம் சொன்னேன். வார்த்தை அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்காது. சிரிப்பு புரிந்திருக்கும்.

என் கணவர் மரியாதையாகத்தான் பேசினார். "சான்று அவரு பேர்ல இருக்கு. வேற கை பட்டா காகிதம் செல்லாமப் போயிடும். வெள்ளைக்காரன் திரும்பி வருவான், கம்பெனியும் திறக்கும். அதுவரைக்கும் பொறுத்துக்கிறோம்."

அந்த அம்மாள் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார்.

பொறுத்துக்கொண்டோம். சட்டிகள், கொட்டாங்கச்சிகள், பால் டின்கள் எல்லாவற்றையும் சொட்டுகளின் கீழே வைத்தோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் இரண்டு முறை வந்து, ஏணி இருக்கிறது, ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். இரண்டு முறையும் என் கணவர் வேண்டாம் என்றார். நானும் வாய் திறக்கவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது, எதனால் விழுந்தது என்று பார்க்கக்கூட ஒருவரையும் ஏற விடவில்லை.

மகளுக்கு முதலில் சளி பிடித்தது. பிறகு காய்ச்சல். நெஞ்சு கர்கர் என்று இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து இல்லை என்று கை விரித்தார்கள். கொஞ்சம் எண்ணெய் கொடுத்து நெஞ்சில் தேய்க்கச் சொன்ன, மருந்து கட்டும் டிரெசர், "குழந்தையை ஈரமில்லாத இடத்தில படுக்க வைங்கம்மா" என்றார். வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. கடைசி மூன்று நாளும் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவளை மார்போடு அணைத்து, என் கணவரின் சட்டையைப் போர்த்தி வைத்திருந்தேன். நான்காம் நாள் காலையில், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, போய்விட்டாள்.

ஈரத்தால்தான் செத்தாள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் நல்ல கூரைக்குக் கீழேயும் குழந்தைகள் செத்தன. இதை நான் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் என் கணவர் தனியாகத் தெங்கேராவுக்குப் போனார். அந்த அம்மாளோடு திரும்பினார். அந்த அம்மாளின் தோளில் ஒரு சாக்குப் பை. பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிச் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் பிடித்தபடி விறுவிறு என்று ஏறினார். எந்த இடத்தில் கால் வைக்க வேண்டும் என்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. நான் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலிருந்து ஒரு சின்ன இரும்புத் துண்டைக் கீழே போட்டார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். "குண்டுச் சில்லு" என்றார். "அன்னைக்குத் தெறிச்சு வந்து விழுந்திருக்கு. ஒரே ஒரு ஓட்டைதான்."

கொண்டுவந்திருந்த தாரை டின்னில் உருக்கி, கித்தான் துண்டை வைத்து அடைத்து, மேலே ஒரு தகரத்தைப் பதித்தார். அடுப்பில் நான் வைத்த மரவள்ளிக்கிழங்கு வேகக்கூட இல்லை, அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கீழே வந்தவருக்கு என் கணவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருக்கணும். அவரு போன பிறகு அவரு பேரைக் கெடுக்க மனசு வரல. ஒரு தடவை விழுந்ததிலேர்ந்து அவருக்கு உயரத்தில தலை சுத்தும். கீழே நின்னு அளந்து வெட்டிக் கொடுப்பாரு. மேலே ஏறி ஆணி அடிக்கிறது எல்லாம் நான்தான். இந்தக் கூரையும் நான் போட்டதுதான்."

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரிடம் என்றில்லாமல், "கடைசி வரியில போட்டிருக்கான். யுத்தத்தால வர்ற சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லைன்னு" என்றார். ஒவ்வொரு வரியும் அவருக்கு மனப்பாடம்.

அந்த அம்மாள் என் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு நான் என் கணவரோடு பேசவில்லை. சோறு இருந்தால் சோறு, கிழங்கு இருந்தால் கிழங்கு, முன்னால் வைப்பேன். "ஏதாவது சொல்லும்மா. திட்டவாவது திட்டு" என்று ஒருநாள் கெஞ்சினார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தெங்கேராக் கடையில் சிரித்தது நான். பக்கத்து வீட்டுக்காரர் ஏணியோடு வந்தபோது சும்மா நின்றவளும் நான். அதையெல்லாம் சேர்த்து அவர் தலையில் வைத்துவிட்டால் என்னால் நிமிர்ந்து நடக்க முடிந்தது. அதனால் வைத்தேன்.

சில மாதங்களில் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமுக்குக் கூப்பிட்டார்கள். ரயில் பாதை போடும் இடத்தில் ஆட்களின் பெயர் எழுதும் வேலை, மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஆபீசில் இருந்து ஒருவர் போக வேண்டும் என்றபோது அவரே முன்வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். புறப்படும் காலையில் வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன்" என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டிருக்கலாம்.

மூன்று மாதம் ஒரு வருஷமாயிற்று, இரண்டாயிற்று. அந்தக் காலத்தில் என்னை உயிரோடு வைத்திருந்தது தெங்கேரா அக்காதான். அவரோடு போய் ஊரில் கிழிந்த கூரைகளை ஒட்டினேன். நானும் ஏணி ஏறப் பழகினேன். வேலை முடிந்ததும் கிழங்கோ மீனோ கொடுப்பார்கள், பங்கிட்டுக்கொள்வோம். அவர் கணவரைப் பற்றியும் சேதி வரவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதும் இல்லை.

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமிலிருந்து பிழைத்து வந்த ஒருவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். என் கணவர் காலராவில் இறந்ததாகவும், பக்கத்தில் தான் இருந்ததாகவும் சொன்னார்.

"ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"வாரா வாரம் லாரி வரும்மா. வந்தா ஓடிப் போய் வீட்டிலேர்ந்து கடுதாசி வந்திருக்கான்னு கேட்பாரு. அங்கே யாருக்குமே கடுதாசி வந்ததில்ல. நீங்க போட்டது வழியிலேயே நின்னு போயிருக்கும்னு நாங்க சமாதானம் சொல்வோம்."

நான் ஒன்றும் போடவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி, காப்பி கலக்க உள்ளே போனேன்.